டபிள்யூன்னா வாரன்

…ஸ்கூல் தப்புன்னே போடுங்கக்கா. அதுல என்ன யோசனை? 'பள்ளி அலுவலகத்தின் கவனக்குறைவால்'னு ஒரு வரி, அவ்வளவுதான். நாள் பூரா ஆபீசுக்கு எதுத்தாப்புல உக்காந்து மனு அடிக்கிற ஆளு நீங்க, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நான் வெறும் பிளஸ் டூ. அதுவும் இந்த வருசம்தான் முடிச்சேன்.

இந்தக் கரண்டு வேற. சரியா மூணாவது வரிக்கு வரப்பத்தான் போவணுமா… லேப்டாப்புல சார்ஜ் இருக்குல்ல? அப்ப அடிங்க. பிரிண்டர் வரப்ப வரட்டும். எங்கப்பா இதோட சேத்து வைக்கறதுக்குப் பத்திரத்தாள் வாங்கிட்டு வரதுக்குள்ள ரெடியா இருந்தாப் போதும். அவரு கையெழுத்து இல்லாம செல்லாதாம்.

என்ன, மொதல்லேர்ந்தா? சரி. பேரு சுகன்யா மேரி. ஊரு வரதராசன்பேட்டை. அப்பா அமல்தாஸ், அம்மா சாந்தி மேரி. பொறப்பு சர்ட்டிபிகேட்ல ஏ. சுகன்யா மேரி. ஆதார்ல ஏ. சாதிச் சான்றுல ஏ. பத்தாவது மார்க் ஷீட்ல மட்டும் எஸ். சுகன்யா மேரி. அதப் பாத்துதான பிளஸ் டூவுக்கும் அடிப்பாங்க, அதுலயும் எஸ். சுகன்யாவுல மொத எழுத்து எஸ்ஸு இல்ல? அத எடுத்து முன்னாடி போட்டுட்டாரு கிளார்க்கு. ராசாங்கம் சாருன்னு பேரு. அவ்வளவுதான் கதை. அடிச்சிட்டீங்களா? அந்தக் காரணம்ங்கற எடம் மட்டும் ஏன் காலியா கெடக்குது?

சரி, அதக் கடைசியா போடுங்க.

மூணு நாளாச்சுக்கா நான் அலைய ஆரம்பிச்சு. 'ஏ. சுகன்யா மேரியும் எஸ். சுகன்யா மேரியும் ஒரே ஆளுதான்'னு ஒரு பேப்பரு. அதத்தான் கேக்குறேன். அரியலூர் பக்கம் போனா, பள்ளிக்கூடம் பெரம்பலூர் மாவட்டத்துல இருக்கு, அங்க போம்மாங்குறாங்க. இங்க வந்தா, வூடு அரியலூர் மாவட்டத்துல இருக்கு, அங்க போம்மாங்குறாங்க. நான்தான் ரெண்டு சுகன்யாவும், நல்லாப் பாத்துக்கங்கன்னு ஜன்னல்ல மூஞ்சியக் காட்டுனேன். மூஞ்சிய ஃபைல்ல வைக்க முடியாதும்மாங்குறாரு அந்த சாரு. எங்கம்மா சொல்லும், இந்த மாவட்டமே ஒரு நேரம் ரெண்டா இருந்துச்சாம், திரும்ப ஒண்ணாச்சாம், நான் பொறந்த வருசம் மறுபடி ரெண்டாக்குனாங்களாம். அதுக்கெல்லாம் யாரும் மனு கேக்கல. எனக்கு மட்டும் கேக்குறாங்க.

இன்னைக்கு வெள்ளி. திங்கக்கெழம திருச்சி காலேஜுல ஒரிஜினல் காட்டணும். விஸ்காம்க்கா. சினிமா எடுக்கறது, கேமரா புடிக்கறது, எல்லாம் அதுல வரும். மொத்தம் நாப்பது சீட்டு. என்னோடது ஒண்ணு. பேரு ஒத்துப் போவலைன்னா அடுத்த ஆளக் கூப்புட்டுருவேன்னு சொல்லிட்டாங்க. இந்தப் பாலக்கரைல நின்னு பஸ்ஸு பஸ்ஸா பாத்துட்டு இருக்கறதுக்கா நான் சீட்டு வாங்குனேன்?

சீட்டு எப்புடிக் கெடச்சுதுன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்லுவேன், கரண்டு வர வரைக்கும் வேற என்ன வேல.

எனக்கும் எங்க பெரியம்மா மகன் லியோ பிரபு அண்ணனுக்கும் சேத்து ஒரு யூடியூப் சேனலு. 'வாயில்லா டாக்கீஸ்'. படத்த நாங்க ஓட்டுவோம், கதைய நான் பேசுவேன். மொதல்ல புதுப்படமாத்தான் செஞ்சோம். காப்பிரைட் ஸ்ட்ரைக் ஒண்ணு வந்துச்சு. ரெண்டு வந்துச்சு. மூணு வந்தா சேனலே காலி. அப்பத்தான் அண்ணன் கண்டுபுடிச்சாரு, அமெரிக்காவுல நூறு வருசத்துக்கு முன்னாடி எடுத்த ஊமைப்படத்துக்கெல்லாம் கேக்கறதுக்கு ஆளே இல்லன்னு. சத்தமும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல. எனக்கு என்ன, வாயி இருக்கு. அந்தப் படத்துல எல்லாரும் வாய அசைக்கிறான், நடுவுல நடுவுல எழுத்து அட்டை ஒண்ணு வருது. அட்டை வராத எடத்துல அவன் என்ன பேசுறான்னு யாருக்குத் தெரியும்? நான் என்ன பேசுறேனோ அதத்தான் அவன் பேசுறான்.

அப்புடித்தான் டெனிங்கப் புடிச்சோம்.

டெனிங் தெரியாதா? யாருக்குமே தெரியாதுக்கா, அதுனாலதான் புடிச்சோம். பெரிய டைரக்டரப் பத்தி ஏற்கனவே நூறு பேரு பேசி வச்சிருக்கான். இவரப் பத்தி நெட்டுல ஒரே ஒரு பக்கம். அதுலயும் பாதி படத்தோட லிஸ்ட்டு. வாரன் எச். டெனிங். நாடகக் கம்பெனியில தச்சு வேல. மேடைக்குக் கோட்ட கொத்தளம் அடிக்கற ஆளு. ரம்பத்துல எடது கையி மோதிர விரலு பாதி போயிருச்சு. ஆனா தொண்டை இருக்கு பாருங்க, அந்தத் தொண்டை… ஒரு நாளு படம் எடுக்கறவங்க வந்து எறங்குறாங்க. இருவது குதிரை மலையடிவாரத்துல ஓடணும். டைரக்டரு கத்துறாரு, குதிரைக்காரனுக்குக் கேக்கல. மைக்கு ஏது அப்ப. இவரு சுத்தியல கீழ வச்சிட்டு ஒரு கத்து கத்துனாரு. இருவது குதிரையும் ஓடிருச்சு. மறுநாளு இவருதான் டைரக்டரு.

சிரிக்கிறீங்க. நெசமா இப்புடித்தான் போட்டுருந்துச்சு. கொஞ்சம் நானும் சேத்துருப்பேன். குதிரை இருவதா பத்தான்னு அங்க இல்ல.

வாரம் ஒரு படம்க்கா. குதிரைப் படம். ஒரே மலை, ஒரே பாறை, ஒரே ஆளு. திங்கக்கெழம பாறைக்கு இந்தப் பக்கமா திருடன் ஒளிஞ்சா, வெள்ளிக்கெழம அந்தப் பக்கமா ஒளிவான். அது வேற படம். 'டெனிங் 212 ரீல் எடுத்தார்'னு போட்டிருந்துச்சு. நான் 212 படம்னு சொல்லிட்டேன். ஒரு ரீலுன்னா டப்பாவுல சுத்துன பிலிமு, பத்துப் பன்னெண்டு நிமிசம் ஓடும், ஒரு படத்துக்கு ஒண்ணும் இருக்கும் ஆறும் இருக்கும்னு எனக்கெப்புடித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ரீலு முப்பது செகண்டு. ஒருத்தன் கீழ வந்து 'அக்கா, ரொம்ப ரீல் விடாதீங்க'ன்னு எழுதிட்டுப் போனான். அவன் எந்த ரீலச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் புரியல.

அது கெடக்கட்டும். மொத பாகம் தொள்ளாயிரம் பேரு பாத்தாங்க. அதுல இருநூறு எங்க சொந்தக்காரங்க.

ரெண்டாவது பாகத்துலதான் வந்துச்சு வெனை. லிஸ்ட்டப் பாக்குறேன். 1916-ல அந்தக் குதிரைக் கம்பெனி இழுத்து மூடிட்டாங்க. வாரன் எச். டெனிங்குன்னு அதுக்கப்புறம் ஒரு படமும் இல்ல. 1917-ல வேற கம்பெனி, வேற ஊரு, காமெடிப் படம். டைரக்‌ஷன் யாரு தெரியுமா? டபிள்யூ. ஹோபார்ட் டெனிங்.

இப்ப நீங்களே சொல்லுங்கக்கா. நாள் பூரா இனிஷியல் அடிக்கிறீங்க. டபிள்யூ. ஹோபார்ட்டுன்னா என்ன அர்த்தம்? ஆளு பேரு ஹோபார்ட்டு. இனிஷியல் டபிள்யூ. டபிள்யூன்னா யாரு? வாரன். வாரன் யாரு?

அப்பா.

ஆமாதான? நீங்களும் அப்புடித்தான சொல்லுவீங்க? லியோ அண்ணனும் அதான் சொன்னாரு. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. அப்பனுக்கு அப்புறம் மகன் வந்துருக்கான். அப்ப அப்பன் எங்க? 1916-ல காணாமப் போனவரு எங்கதான் போயிருப்பாரு. சாவடிச்சிட்டேன்.

குதிரையிலேர்ந்து விழுந்து. அந்தக் கடைசிப் படத்துல ஒரு ஆளு உருண்டு விழுவான், அந்தத் துண்ட எடுத்துப் போட்டு, மகன் ஓடி வரான், அப்பாவோட மெகாஃபோன எடுக்கறான், 'அப்பா, உங்க பேர என் பேருக்கு முன்னாடி போட்டுக்கறேன், இனிமே நான் எடுக்கற ஒவ்வொரு படத்துலயும் நீங்கதான் மொதல்ல வருவீங்க'ன்னு சொல்றான்.  ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்கக்கா. ரெண்டு லட்சம். வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் 'அப்பா ஞாபகம் வந்துருச்சு தங்கச்சி'ன்னு எழுதுறாங்க.

இதுல ஒண்ணு சொல்லியே ஆவணும். மகன் போட்டோவப் பாத்தா, அவருக்கும் எடது கையி மோதிர விரலு பாதிதான் இருக்குது. மூஞ்சியும் அதே மூஞ்சி. மீசை மட்டும் இல்ல. யாரா இருந்தாலும் அந்த எடத்துல ஒரு நிமிசம் நின்னு யோசிப்பாங்களா இல்லியா? நான் நின்னேன். நின்னுட்டு, 'விதி பாருங்க மக்களே, அப்பாவோட விரலப் பறிச்ச அதே ரம்பம்…'னு பேசிட்டேன்.

சிரிங்க. எல்லாரும் சிரிச்சாச்சு, நீங்கதான் பாக்கி.

காலேஜு இன்டர்வியூல மேடம் அதத்தான் போட்டுப் பாத்தாங்க. குதிரையிலேர்ந்து விழுற எடத்துல நிறுத்திட்டு, 'உனக்குக் கதை நல்லா வருதும்மா'ன்னாங்க. கதைன்னுதான் சொன்னாங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். சீட்டுக் கெடச்ச சந்தோசத்துல காதுல வுழல.

மறுவாரம் ஜெயங்கொண்டத்துலேர்ந்து ஒருத்தரு, இளையபெருமாள்னு பேரு, கீழ ஒரு போட்டோவப் போட்டாரு. கல்லறை. ஒரே கல்லு. 'வாரன் ஹோபார்ட் டெனிங், 1881 முதல் 1957.' அதுக்குக் கீழ ரெண்டே வரி எழுதிருந்தாரு: தங்கச்சி, வெள்ளைக்காரன் இனிஷியலு அப்பன் பேரு இல்ல. அதுவும் அவன் பேரேதான்.

அப்பனும் இல்ல மகனும் இல்லக்கா. ஒரே ஆளு. குதிரைக் கம்பெனி மூடுனதும் காமெடிக் கம்பெனிக்குப் போயிருக்காரு. குதிரைக்கார டெனிங்குன்னா சிரிப்புப் படத்துக்கு எவன் வருவான்? மீசைய எடுத்துட்டு, பேரத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. வாரன் எச்-சுன்னு இருந்தத டபிள்யூ. ஹோபார்ட்டுன்னு ஆக்கிட்டாரு. நான் என்னடான்னா உயிரோட இருக்கற மனுசனக் கொன்னு, அவருக்கு அவரையே புள்ளையாப் பொறக்க வச்சிட்டேன். பாவம், அவருக்கும் சேத்து ஒரு மனு அடிச்சுக் குடுங்கக்கா. 'மேற்கண்ட இருவரும் ஒருவரே'.

அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன், அவரு கடைசி காலம் இன்னும் மோசம். நல்லாப் போயிட்டிருந்தவரு, வெள்ளத்தப் பத்தி ஒரு பெரிய படம் எடுத்தாரு. நெசமாவே ஊருக்குள்ள தண்ணிய வுட்டு எடுத்துருக்காரு. கூட்டமே வரல. அந்தக் கம்பெனியும் காலி. அதுலேர்ந்து தலை தூக்கறதுக்குள்ள பேசும்படம் வந்துருச்சு. இவருக்கு என்ன கஷ்டம்னு நெனைக்கிறீங்க? நடிகனுக்குக் கொரலு நல்லா இல்லாமப் போனது ஊருக்கே தெரியும். இவரு டைரக்டரு, இவரு கொரல யாரு கேக்கப் போறா? அதான் இல்ல. ஊமைப்படத்துல கேமரா ஓட ஓட டைரக்டரு பேசிக்கிட்டே இருப்பாராம். 'திரும்பு, அழு, இன்னும் அழு, கதவப் பாரு'ன்னு. படத்துல சத்தம் இல்லல்ல, யாரு கேக்கப் போறா. பேசும்படத்துல டைரக்டரு வாயத் தெறக்கக் கூடாது. இவரால முடியல. இருவது வருசமாக் கத்துன தொண்டை. ஷாட்டு ஓடுறப்ப 'அழு'ன்னுருவாரு. திரும்ப எடுக்கணும். திரும்பவும் 'அழு'ன்னுருவாரு. சவுண்டு புடிக்கறவன் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து காதப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வருவானாம். ரெண்டே பேசும்படம். அதோட முடிஞ்சிருச்சு.

அப்புறம் ஆரஞ்சு மண்டியில ஏலம் போட்டாராம். நம்ம செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் போடுறாங்கல்ல, அது மாதிரி. அங்க அந்தத் தொண்டைக்கு வேல இருந்துருக்கு. எனக்கென்னவோ அவரு அங்கதான் சந்தோசமா இருந்துருப்பாருன்னு தோணுது. இத நான் சேக்கல. தோணுதுன்னு மட்டுந்தான் சொல்றேன்.

எனக்கும் அதே வியாதிதான்னு எங்கம்மா சொல்லும். வாய மூடத் தெரியாது. எங்க வூட்டுல எல்லாப் பேச்சையும் நானும் அம்மாவுமே பேசித் தீத்துருவோம். அப்பா ஊமைப்படம். இங்கதான் நாலு ரோட்டுக்கிட்ட லாரிப் பட்டறையில ஃபிட்டரு. நான் பத்தாவது முடிக்கற வரைக்கும் நாங்களும் இந்த ஊருலதான் இருந்தோம். நாள் முழுக்க இரும்பு சத்தத்துலயே இருந்துட்டு வந்து வூட்டுல பேசவே மாட்டாரு. சோறு வேணும்னா தட்டப் பாப்பாரு. தூக்கம் வந்தா பாயப் பாப்பாரு. அவரு மூஞ்சியப் பாத்து என்ன சொல்ல வராருன்னு நாமளே எழுத்து அட்டை போட்டுக்க வேண்டியதுதான்.

அவரும் அந்த ரெண்டாவது பாகத்தப் பாத்துருக்காருக்கா. பட்டறையில எல்லாரையும் கூப்புட்டுக் காட்டிருக்காரு. எனக்குத் தெரியாது. ஒரு நாளு மத்தியானம் சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு சொன்னாரு, 'அமெரிக்காவுல பொறந்தும் அந்தப் பையன் அப்பன் இனிஷியல வுடல பாரு'ன்னு.

அவ்வளவுதான். ரசம் ஊத்துன்னு தட்டக் காட்டுனாரு.

…

ஒண்ணும் இல்லக்கா. தண்ணி இருக்கா? இருக்கு, இருக்கு, இந்தா குடிச்சிக்கிறேன்.

அந்த இளையபெருமாள் சாரு போட்டத நான் இன்னும் அப்பாகிட்டக் காட்டல. வீடியோவத் தூக்கவும் இல்ல. திருத்தி மூணாவது பாகம் போடணும். போடுவேன். அத வுடுங்க. நேத்து நடந்தத சொல்றேன்.

நேத்து அரை நாளு லீவு போட்டுட்டு அப்பா என்னைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. இந்த இனிஷியலுக்காக. வர வழி பூரா பேசல. வழக்கம்தான். ஆபீஸ் ரூமுக்குள்ள போனோம், ராசாங்கம் சாரு ரிஜிஸ்டர எடுத்து வச்சாரு. அப்பா அந்த எஸ்ஸு மேல வெரல வச்சாரு. அப்புறம்க்கா… எங்கப்பா பேசும்படம் ஆயிட்டாரு. பக்கத்து கிளாஸ்லேர்ந்து டீச்சருங்கெல்லாம் எட்டிப் பாக்குறாங்க. 'எம்பொண்ணு பேருலேர்ந்து என்னை எடுக்கறதுக்கு நீ யாருய்யா?' அதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. பதினெட்டு வருசத்துல நான் அந்தக் கொரலக் கேட்டதே இல்ல.

ராசாங்கம் சாரு ஒல்லியா இருப்பாரு. எந்திரிச்சு நின்னுட்டாரு.  'நான் ரெண்டு தடவ கேட்டேங்க'ன்னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. நான் செவுத்துல காலண்டரப் பாத்தேன். சந்திராஷ்டமம் எந்த ராசிக்குன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்.

எச்.எம். வந்து சமாதானம் பண்ணுனாங்க. எழுத்து மூலமா மனு குடுங்க, அதுல காரணத்தத் தெளிவாப் போடுங்க, நான் இவருகிட்ட விளக்கம் கேட்டு மெமோ குடுத்துட்டுத் திருத்தத்துக்கு அனுப்புறேன்னாங்க. அந்த மனுதான் இது. ராசாங்கம் சாரு இந்த மாசக் கடைசியில ரிட்டயர்டு. மெமோவோட போவணும்.

ஏன்க்கா டைப் அடிக்கறத நிறுத்திட்டீங்க? ஏன் அப்புடிப் பாக்குறீங்க?

சரி. ரெண்டு தடவ கேட்டாரு. ஆமா.

பத்தாவதுல பேரு லிஸ்ட்டு அனுப்பறதுக்கு முன்னாடி எல்லார் கையிலயும் ஒரு தாளு குடுப்பாங்க. பேரு, இனிஷியல், பொறந்த தேதி சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடணும். என் தாளுல 'ஏ'ன்னுதான் இருந்துச்சு. நான் அத அடிச்சிட்டு எஸ்ஸுன்னு எழுதுனேன். நல்லா அழுத்தி. சாந்தி மேரியோட எஸ்ஸு. ராசாங்கம் சாரு கிளாசுக்கே வந்து, 'எஸ். சுகன்யா மேரி, சரிதானாம்மா?'ன்னாரு. எந்திரிச்சு நின்னு, ஆமா சாருன்னேன். 'அப்பா பேரு அமல்தாஸ்னு இருக்கே, சரியாப் பாத்தியா?'ன்னாரு. பாத்துட்டேன் சாருன்னேன். அம்மா இனிஷியலும் போட்டுக்கலாம்ல, சட்டத்துலயே இருக்கு. அவரு நம்பிட்டாரு.

ஏன்னா… அதுக்கு மொத வாரம் அரியலூருல ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து நாடகப் போட்டி. நான் ராணியா நடிக்கணும். பெத்தவங்க சம்மதக் கையெழுத்து வேணும். அப்பா வேலையிலேர்ந்து வந்து வாசல்ல நின்னாரு, நான் பேப்பர நீட்டுனேன். பாத்தாரு.  பேப்பர என் கையில திருப்பிக் குடுத்துட்டு, வூட்டுக்குப் பின்னாடி போயி எதையோ தேட ஆரம்பிச்சிட்டாரு. பொண்ணு மேடை ஏறுறது புடிக்கலைன்னு நெனைச்சேன். வேணாம்னு வாயத் தெறந்து சொல்றதுக்குக் கூட நான் ஆளு இல்ல, அப்புடியா… அம்மாகிட்டக் குடுத்தேன், அம்மா போட்டுருச்சு. அப்ப முடிவு பண்ணுனேன், கையெழுத்து எவங்க போட்டாங்களோ அவங்கதான் இனிஷியலு.

நேத்துப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வூட்டுக்குப் போயி அம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். இத்தன வருசத்துல மொத தடவையா.  'அடியே, அன்னைக்கு அவரு கையி பூரா கிரீஸு. வெள்ளப் பேப்பரு அழுக்காயிரும்னு திருப்பிக் குடுத்துட்டு சோப்பத் தேடுனாரு. கையக் கழுவிட்டு வந்து பேப்பரு எங்கன்னாரு. நீ அதுக்குள்ள என்கிட்ட வாங்கிட்ட. சரி, நீ போட்டாலும் ஒண்ணுதானன்னு போயிட்டாரு'ன்னுச்சு.

சோப்பு தேடுனாருக்கா.

நான் அதுக்கு வசனம் போட்டுட்டேன். வெள்ளைக்காரனுக்குப் போட்ட மாதிரியே.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா சொல்லல, நீயே சொல்லுன்னுருச்சு. காலையிலேர்ந்து வண்டியில பின்னாடி உக்காந்துருக்கேன், வாயி வரல. எனக்கு, வாயி வரல. நானே அடிச்சு எழுதுனேன்னு போட்டா இந்த மனுவ ஏத்துப்பாங்களா இல்லியான்னும் தெரியல. திருப்பி அனுப்பிட்டா திங்கக்கெழம சீட்டு போச்சு. அதான் ஸ்கூல் மேலயே போடுங்கன்னேன். அவரு எப்புடியும் ரிட்டயர்டு ஆவப் போறவரு, ஒரு பேப்பருல என்ன ஆயிரப் போவுதுன்னு… நெனைச்சேன். நெசமா அப்புடித்தான் நெனைச்சேன்க்கா. அசிங்கமாத்தான் இருக்கு.

கரண்டு வந்துருச்சு. பாருங்க, ஃபேனு சுத்துது.

இருங்கக்கா, பிரிண்ட் குடுக்காதீங்க. அந்தக் காலி எடத்துக்கு வாங்க. நான் சொல்றேன், நீங்க நல்ல தமிழுல அடிங்க. 'பெயர்ப் பட்டியலில் என் தந்தையின் தலைப்பெழுத்தை அடித்துவிட்டு என் தாயின் தலைப்பெழுத்தை எழுதியது மாணவியாகிய நானே.' ம். 'எழுத்தர் திரு. ராசாங்கம் அவர்கள் இரண்டு முறை கேட்டார்.' அதையும் போடுங்க. ரெண்டு முறைங்கறத எழுத்துலயே போடுங்க, நம்பர் வேணாம். 'அவர் மீது தவறில்லை.' போதும்.

சீட்டா? தெரியல. காலேஜு மேடத்துக்குப் போன் பண்ணி ரெண்டு நாளு கேட்டுப் பாக்குறேன். இல்லைன்னா இல்ல. நல்லாக் கதை சொல்றேன்னு சீட்டுக் குடுத்தாங்க, உண்மையச் சொன்னதுக்குப் புடுங்குவாங்களான்னு பாத்துரலாம்.

இப்ப குடுங்க பிரிண்டு. ரெண்டு காப்பி.

அந்தா வராரு. அந்த டி.வி.எஸ். வண்டி. பத்திரத்தாள மடங்காம நெஞ்சுக்கிட்ட புடிச்சிருக்காரு பாருங்க, கையி பேப்பருல படாம நுனியில… நீங்க கொஞ்சம் உள்ள போயிருங்கக்கா. இல்ல, வேணாம், இருங்க. இங்கயே இருங்க.

ப்பா. இந்தா, மனு ரெடி. பேனா இந்தா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணாவது வரியப் படிச்சிரு. நீயே படி. நான் படிச்சுக் காட்ட மாட்டேன்.

…

ம்.

…

ஆமாப்பா. நான்தான். நாடகப் போட்டிக்கு மறுவாரம். நீ சோப்பு தேடுனது எனக்குத் தெரியாது. நேத்துதான் அம்மா சொல்லுச்சு. அப்புறம், அந்த அமெரிக்காப் பையன் வாரனோட மகன் இல்லப்பா. அவரும் இவரும் ஒரே ஆளு. அதுவும் நான் போட்ட வசனம்தான். எல்லாத்தையும் ஒண்ணா சொல்லிட்டேன், திட்டுறதுன்னா ஒண்ணாத் திட்டிரு.

…போட்டுட்டியா. பேசாமப் போட்டுட்டியா. ஏதாவது சொல்லேன்.

ப்பா, எங்க போற? வண்டிய ஏன் இந்தப் பக்கம் திருப்புற, அரியலூர் ரோடு அந்தப் பக்கம்ல இருக்கு. இங்க என்ன… பள்ளிக்கூடத்துக்கா? ராசாங்கம் சாரப் பாக்கவா?

அக்கா, ரெண்டாவது காப்பிய எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன். ப்பா, நில்லு. நானும் வரேன். நேத்து நீ பேசுனது போதும். அங்க நான் பேசிக்கிறேன், நீ பக்கத்துல நின்னாப் போதும்.